எங்கள் கார் ஷெட்டில் கிடப்பதில் பாதி எங்கள் சாமானே இல்லை: எப்படிக் காலி செய்வது?

திருநகர்வாசி (கேள்வி)

எங்கள் வீட்டில் கார் ஷெட் இருக்கிறது. கார்தான் ஒருநாளும் இருந்ததில்லை.

1982-ல் திருநகரில் இந்த வீட்டைக் கட்டும்போது அப்பா மில்லில் ஃபிட்டர். எப்படியும் ஒரு பழைய அம்பாசடர் வாங்கிவிடுவோம் என்று கணக்குப் போட்டு, பத்தடிக்குப் பதினெட்டடியில் ஷெட் போட்டார். மேலே ஆஸ்பெஸ்டாஸ் சீட், முன்னால் இரட்டைத் தகரக் கதவு. கார் வருவதற்குள் என் கல்யாணம் வந்தது, தம்பிக்குக் காலேஜ் ஃபீஸ் வந்தது, அம்மாவுக்கு ஆபரேஷன் வந்தது. அம்பாசடர் வரவே இல்லை.

எங்கள் சொந்தத்தில் வேறு யார் வீட்டிலும் ஷெட் கிடையாது. அதுதான் வினையாகப் போயிற்று. "ஒரு வாரம் கிடக்கட்டும் மதினி" என்று அத்தை இறக்கிவிட்டுப் போன பித்தளை அண்டா இரண்டும்தான் முதல் சாமான் என்று அம்மா சொல்கிறாள். அப்புறம் சித்தப்பா வேலை மாற்றிக் கோவைக்குப் போனபோது அவருடைய டி.வி.எஸ். 50 வந்தது. 1993-ல் வைகையில் வெள்ளம் வந்தபோது ஆழ்வார்புரத்திலிருந்து பெரியம்மா வீட்டுச் சாமான் ஒரு மாட்டுவண்டி நிறைய வந்தது. வெள்ளம் வடிந்துவிட்டது, சாமான் திரும்பிப் போகவில்லை.

அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. என் மகன் தை மாதம் மதுரைக்கு மாற்றலாகி வருகிறான், காரோடு. எங்கள் தெருவில் காரை வெளியே நிறுத்தினால் எதிர்வீட்டுக் கேட் திறக்காது, அந்தச் சண்டை ஏற்கெனவே இரண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறது. ஆக ஷெட் காலியாக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நோட்டும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போனேன். கதவு ஒரு பக்கம்தான் திறக்கிறது. அடுத்த பக்கத்துக்கு உள்ளேயிருந்து எது முட்டுக்கொடுத்திருக்கிறது என்றே தெரியவில்லை. எட்டிய வரைக்கும் எழுதினேன்.

எங்களுடையது என்று சொல்லக்கூடியவை: அப்பாவின் வைஸ் (இரும்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் கருவி), அரங்கள், ஒரு மரப்பெட்டி நிறைய ஸ்பானர். திரி ஸ்டவ் இரண்டு. ஓனிடா டி.வி. ஒன்று. இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று. டியூப்லைட் பதினாலு ("டியூப் நல்லாத்தான் இருக்கும், சோக்குதான் போயிருக்கும்" என்று அப்பா எடுத்து வைத்தவை). என் மகனுக்குக் கட்டிய தொட்டில் கம்பு. அப்புறம் ஹார்லிக்ஸ் பாட்டில்கள், எண்ணிப் பார்த்தேன், 34. எல்லாவற்றிலும் நட்டு, போல்ட், வாஷர். ஒவ்வொன்றின் மேலும் புண்ணுக்குப் போடும் வெள்ளை பிளாஸ்திரியை ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவில் நூல் கணக்கில் (ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று) அளவு எழுதியிருக்கிறார்: 2 நூல், 3 நூல், 3 நூல் நீளம், 4 நூல். கடைசி வரிசையில் ஒரு பாட்டிலில் மட்டும் "எதுக்கும் சேராதது" என்று இருக்கிறது. அதுதான் பெரிய பாட்டில்.

எங்களுடையது அல்லாதவை: மேலே சொன்ன அண்டாக்கள், கூட ஒரு தவலை. மூன்றிலும் புள்ளி புள்ளியாக "த.மீ. 4.9.69" என்று வெட்டியிருக்கிறது, அத்தை கல்யாணத் தேதி. டி.வி.எஸ். 50, ஆர்.சி. புக் இல்லாமல், இரண்டு டயரும் தரையோடு ஒட்டிப்போய். பெரியம்மா வீட்டு ஊஞ்சல் பலகை, சங்கிலி இல்லை. அப்புறம் பூட்டிய டிரங்குப் பெட்டி ஒன்று. மாடியில் குடியிருந்த ஹார்மோனிய வாத்தியாருடையது. திருவிழா நாடகங்களுக்கு வாசிக்கப் போவார். 1991-ல் வீட்டைக் காலி செய்தபோது "அடுத்த வாரம் வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சாவி அவரிடம்.

அம்மாவுக்கு 77 வயது. எதைத் தொட்டாலும், "அடுத்தவுக சாமான்டி. நாளைக்குக் கேட்டு வந்தா என்ன சொல்லுவ?" என்கிறாள். எங்கள் சாமானைக் கேட்டால் "அது அப்பா வச்சது." இந்த இரண்டு பதிலுக்குள் ஷெட் முழுக்க அடங்கிவிடுகிறது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அந்தப் பெட்டியை உடைக்கலாமா? ஆர்.சி. இல்லாத வண்டியை என்ன செய்வது? இரும்புக் கடைக்காரரை எப்போது கூப்பிடுவது? அப்பாவின் கணக்கு நோட்டுக்குள் பழைய 500 ரூபாய் நோட்டு நான்கு கிடைத்தது, அது வைத்திருப்பதே குற்றம் என்று தம்பி பயமுறுத்துகிறான். உண்மையா? அம்மாவைச் சமாளிக்கவும் யாராவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

வெளியூர்க்காரன்

ரொம்ப யோசிக்கிறீங்க மேடம். 30 வருஷமா யாரும் தேடலைன்னா யாருக்கும் தேவையில்லைன்னு அர்த்தம். அம்மாவை ரெண்டு நாள் தம்பி வீட்டுக்கு அனுப்புங்க, ஒரு குட்டியானை வண்டி பிடிங்க, முடிஞ்சது.

மேலூர் மருமகள்

மேலே சொன்ன யோசனையைச் செய்துவிடாதீர்கள் அக்கா. நான் செய்தவள்.

2015-ல் மாமியார் பழனிக்குப் பாதயாத்திரை போயிருந்தபோது கொல்லைப்புறத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று ஆட்டுக்கல், அம்மி, ஒரு உரல் மூன்றையும் வீட்டு வேலைக்கு வந்த மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டேன். காசுகூட வாங்கவில்லை. மாமியார் திரும்பி வந்து ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஆனால் அதற்கப்புறம் இன்றுவரை சட்னி அரைக்கும்போதெல்லாம், மிக்ஸி சத்தம் கேட்டதும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். பத்து வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறார்.

அதனால் அம்மாவை வைத்துக்கொண்டே செய்யுங்கள். நாற்காலியை ஷெட் வாசலில் போட்டு உட்கார வையுங்கள். "இதைப் போடலாமா?" என்று கேட்காதீர்கள், அதற்கு ஒரே பதில்தான் வரும். "இது யாரோடது?" என்று கேளுங்கள். கதை வரும். கதையைச் சொல்லி முடித்ததும் பாதிச் சாமானுக்கு அவர்களே ஆளைச் சொல்லிவிடுவார்கள். என் அம்மாவிடம் அப்படித்தான் நடந்தது. நேரம்தான் பிடிக்கும், ஒரு குத்துவிளக்குக்கு ஒரு மத்தியானம் போயிற்று.

சொந்தக்காரர்கள் சாமானைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுங்கள், கடைசித் தேதி சொல்லி. எடுக்க வருபவர் வண்டியோடு வர வேண்டும் என்றும் எழுதுங்கள். இல்லாவிட்டால் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டு, "அடுத்த தடவை எடுத்துக்கிறேன்" என்று போய்விடுவார்கள்.

இன்னொன்று. கையுறை இல்லாமல் எதற்குள்ளும் கை விடாதீர்கள். எங்கள் கொல்லையில் சாக்கைத் தூக்கும்போது தேள் கொட்டி, ராத்திரியோடு ராத்திரியாக மதுரை பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். எலி இருந்த இடம் என்றால் வெறுங்காலோடும் போகக் கூடாது. எலி மூத்திரம் பட்ட தண்ணீரும் சேறும் காலில் சிராய்ப்பு இருந்தால் போதும், எலிக்காய்ச்சல் வந்துவிடும்.

பழைய இரும்பு

அக்கா, நான் இந்தத் தொழிலில் 22 வருடமாக இருக்கிறேன், கீழவாசல் பக்கம். எங்கள் ஆட்களைப் பற்றியே சொல்கிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம்.

கடைக்காரரை ஷெட்டுக்குள் விடாதீர்கள். பிரித்து முடித்தபின் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு அப்புறம் கூப்பிடுங்கள். உள்ளே விட்டால் "எல்லாம் சேர்த்து மொத்தமா ஒரு ரேட்டு" என்போம். அந்த ரேட்டில் உங்கள் அப்பாவின் வைஸ் ஒன்றுக்குத்தான் காசு வந்திருக்கும், மற்றதெல்லாம் எங்களுக்கு லாபம்.

ஒரு காந்தம் போதும். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பித்தளை, செம்பு, அலுமினியம் என்று தனித்தனியாகப் போடுங்கள். பித்தளைக் குழாய், பழைய ஸ்டவ்வின் பர்னர், கதவுக் கீல் இதெல்லாம் துருவும் அழுக்கும் சேர்ந்து இரும்பு மாதிரியே கிடக்கும், இரும்போடு போய்விடும். லேசாகச் சுரண்டிப் பார்த்தால் மஞ்சள் தெரியும். எவர்சில்வரில் ஒட்டுவதும் உண்டு, ஒட்டாததும் உண்டு. ஒட்டாததற்கு விலை அதிகம்.

தராசைப் பற்றிக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பிரிக்காத 10 கிலோ அரிசிப் பை ஒன்றை வாசலில் வைத்திருங்கள். முதலில் அதை நிறுக்கச் சொல்லுங்கள். வேறு ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். அதற்கப்புறம் எல்லாம் ஒழுங்காக நடக்கும்.

பெயர் வெட்டின அண்டாவை எடைக்குப் போடாதீர்கள். நல்ல கடைக்காரன் பெயர் இருக்கிற பாத்திரத்தை யோசித்துத்தான் வாங்குவான், யார் வீட்டுச் சாமான் என்று நாளைக்குக் கேள்வி வரும். எடைக்கு எடுத்தாலும் அதன் செய்கூலி போய்விடும், உருக்கப் போகிற பொருளுக்கு என்ன செய்கூலி? அந்தக் கனத்தில் இப்போது யாரும் அடிப்பதில்லை. உள்ளே வெள்ளீயம் பூசினால் இன்னும் ஒரு தலைமுறை பிரியாணி போடலாம்.

பேட்டரியைச் சாய்க்காதீர்கள், உள்ளே ஆசிட். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். டியூப்லைட்டில் பாதரச ஆவி இருக்கிறது, சாக்கில் போட்டு உடைக்கிற வேலை வேண்டாம். அப்படியே செய்தித்தாளில் சுற்றி, குப்பை வண்டிக்காரரிடம் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்தப் புகை விஷம். போகிக்கு டயரை வைத்துக் கொளுத்துகிற ஆட்களும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். மேலே ஆஸ்பெஸ்டாஸ் என்கிறீர்கள். உடைந்த துண்டு கீழே கிடந்தால் விளக்குமாற்றால் காய்ந்தபடியே கூட்டாமல், தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் எடுங்கள். அந்த நார் நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது.

34 பாட்டிலையும் என்னிடம் கொண்டுவந்தால் இரும்பு விலைதான் தருவேன். அதையே ஒரு லேத் பட்டறையிலோ மெக்கானிக் கடையிலோ காட்டுங்கள். இப்போது மில்லிமீட்டரில்தான் எல்லாம் கிடைக்கிறது, பழைய மிஷின் வைத்திருப்பவன் நூல் கணக்கு போல்ட்டுக்கு அலைகிறான்.

சின்ன வயதில் எங்கள் ஐயா தள்ளுவண்டியில் "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிப் போவார். அப்போது வீட்டில் இருக்கும் நல்ல கரண்டியைப் பழத்துக்காகக் கொண்டுவந்து போட்ட பிள்ளைகள் உண்டு. அந்தத் தாய்மார்கள் தேடிவந்தால் கரண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பழத்தைத்தான் திருப்பி வாங்க முடியாது.

கோர்ட் குமாஸ்தா

வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். மதுரையில் ஐகோர்ட் கிளை வந்தது 2004-ல். அதற்கு முன்னால் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் வந்த தலைமுறை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் அம்மா.

"அடுத்தவுக சாமான்" என்று உங்கள் தாயார் சொல்வது சட்டப்படியும் சரிதான். பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒருவர் ஒப்படைத்த பொருளைப் பற்றி 1872-ம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. கூலி வாங்காமல் வைத்திருந்தாலும், நம் சொந்தப் பொருளை எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்க்க வேண்டும். 30 வருடம் ஆகிவிட்டதே, உரிமை போயிருக்குமே என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒப்படைத்த பொருளைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம். அந்த மூன்று வருடம் எப்போது தொடங்குகிறது? அவர் வந்து கேட்டு, நீங்கள் தர மாட்டேன் என்று சொன்ன நாளிலிருந்து. வாத்தியார் இன்னும் வந்து கேட்கவே இல்லையே.

அதே சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. கூலி வாங்காமல் பொருளைப் பார்த்துக்கொண்டதற்கு ஆன அவசியச் செலவை ஒப்படைத்தவர் தர வேண்டும். ஆகவே அத்தையிடம் நீங்கள் செலவைக் கேட்கலாம். கேட்டுவிட்டு அந்த வீட்டு விசேஷத்துக்குப் போக முடியுமா என்பது சட்டத்தில் இல்லை.

பெட்டி விஷயம்: கடைசியாகத் தெரிந்த விலாசத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். பதிவுத் தபால் இப்போது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, அதில் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் திரும்பி வந்தால் அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள், அதுதான் ஆதாரம். பிறகு உங்கள் வீட்டார் அல்லாத இரண்டு பேர் முன்னால் பூட்டைத் திறந்து, உள்ளே இருப்பதை எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து வையுங்கள். அதன் நோக்கம் எடுத்துக்கொள்வது அல்ல, யாரிடம் சேர்ப்பது என்று தெரிந்துகொள்வது. நாடகக்காரர் என்றால் மதுரையிலேயே நாடக நடிகர்களுக்குச் சங்கம் இருக்கிறது. அங்கே ராஜபார்ட் முதல் பபூன் வரை பழைய ஆட்களைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். தபாலைவிட அது வேகம்.

வண்டி: சித்தப்பா பெயரில் இருப்பதால் அவர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். இனி ஓடவே ஓடாது என்ற நிலைக்கு வந்த வண்டியைப் பற்றி உரிமையாளர் 14 நாளைக்குள், முடியாவிட்டால் முடிந்த அளவு சீக்கிரம், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவு சொல்கிறது. யாரும் செய்வதில்லை, அது வேறு. ஆனால் சேஸிஸ் நம்பரோடு வண்டியை அப்படியே காயலாங்கடைக்குத் தள்ளிவிட்டு, அந்த நம்பரை வேறு எவனாவது வேறு வண்டிக்குப் போட்டு ஓட்டினால், போலீஸ் முதலில் சித்தப்பா வீட்டுக்குத்தான் போகும்.

500 ரூபாய்: தம்பி பாதி சரி. 2017-ல் வந்த சட்டப்படி, செல்லாமல் போன 500, 1000 நோட்டுகளில் மொத்தம் பத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் குற்றம். ஆராய்ச்சிக்கோ நாணயச் சேகரிப்புக்கோ என்றால் 25 வரை. நான்கு நோட்டுக்குப் பயம் வேண்டாம், பேரனுக்குக் காட்டலாம். 2000 ரூபாய் நோட்டு கிடைத்தால் அது வேறு கதை. புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்களே தவிர செல்லாது என்று சொல்லவில்லை, சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பியே கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம்.

காகிதங்களில் அவசரப்படாதீர்கள். பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதி வரைபடம் எதையும் எடைக்குப் போட வேண்டாம். பழைய பாஸ்புக்கையும் அப்படித்தான். பத்து வருடம் தொடப்படாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், ஆனாலும் வாரிசு கேட்டால் வங்கி கொடுத்தாக வேண்டும். உத்கம் (UDGAM) என்ற ரிசர்வ் வங்கி இணையதளத்தில் அப்பா பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

ரெண்டு ஸ்ட்ரோக்

அந்த டி.வி.எஸ். 50-யை இரும்புக்குப் போடாதீங்கக்கா, கெஞ்சிக் கேட்கிறேன். 1980-ல் வந்த மாடல், எங்க அப்பா அதில் ஒரு பக்கம் பால்கேன், ஒரு பக்கம் நான் என்று கருப்பாயூரணிக்குப் போவார். டேங்கில் இருக்கிற பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, கார்புரேட்டரைக் கழுவி, பிளக்கை மாற்றினாலே பல வண்டி கிளம்பிவிடும். சித்தப்பா எழுதிக் கொடுத்தால் நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

திருநகர்வாசி (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. ஒரு வழியாக நடந்துகொண்டிருக்கிறது, நான் நினைத்த மாதிரி இல்லை.

முதலில் வாட்ஸ்அப். முப்பது வருடம் யாரும் நினைத்துப் பார்க்காத அண்டாவுக்கு, போட்டோ போட்ட பத்தாவது நிமிடத்தில் மூன்று பேர் வந்துவிட்டார்கள். அத்தையின் இரண்டு மகள்களும், கூடவே மருமகள் ஒருத்தியும். "எனக்குத் தரேன்னு அம்மா எப்பவோ சொல்லிருச்சு" என்று மூத்தவள் எழுத, "எப்போ, எந்த வருஷம்?" என்று இளையவள் கேட்க, ராத்திரி பதினோரு மணி வரை ஓடியது. காலையில் அத்தையே போன் பண்ணினார், 81 வயது, குரல் இன்னும் கணீரென்று இருக்கிறது. "யாரும் எடுக்க வேணாம். மதினிகிட்டயே கிடக்கட்டும்." அம்மா என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டுமா?

பெட்டி. கடிதம் திரும்பி வந்துவிட்டது. எதிர்வீட்டு சாரையும் (கேட் சண்டையைக் கொஞ்ச நேரம் ஒத்திவைத்துவிட்டு) மாவு மில்காரரையும் கூப்பிட்டு வைத்துப் பூட்டைத் திறந்தோம். திறந்தோம் என்ன, அறுத்தோம், அப்பாவின் ஹேக்ஸா பிளேடால். உள்ளே நாடக நோட்டீஸ்கள், ரோஸ் நிறத்திலும் பச்சை நிறத்திலும், கட்டுக் கட்டாக. ஒவ்வொன்றிலும் கட்டம் கட்டமாகப் போட்டோ, ராஜபார்ட் பெரிய கட்டம், ஹார்மோனியம் கீழே சின்னக் கட்டம். ஒரு ஜோடி சலங்கை. வேட்டித் துணியில் சுற்றிய பித்தளை ரீடுகள், ஒவ்வொன்றும் விரல் நீளத்தில், ஊதினால் இன்னும் சத்தம் வந்தது. அடியில் ஒரு 80 பக்க நோட்டு. வலையங்குளம், நத்தம், கொட்டாம்பட்டி, பேரையூர் என்று ஊர், தேதி, அட்வான்ஸ். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில், "வீட்டுக்கார அண்ணன், வாடகை 3 மாதம், 450. கேட்கவில்லை" என்று எழுதியிருந்தது.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தாள். "மூணு மாசமா? உங்கப்பா ரெண்டு மாசம்னுல்ல சொன்னாரு" என்றாள்.

குமாஸ்தா ஐயா சொன்னபடி சங்கத்துக்கு ஒரு நோட்டீஸை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு பெரியவர் போட்டோவைப் பார்த்ததுமே ஆளைச் சொல்லிவிட்டார். வாத்தியார் இறந்து எட்டு வருடம் ஆகிறதாம். மகள் சிங்கம்புணரியில் தையல் கடை வைத்திருக்கிறார். போன வியாழக்கிழமை பஸ்ஸில் வந்தார். சலங்கை, நோட்டு, ரீடு மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். 450 ரூபாயைப் பற்றி அம்மா பேச்சே எடுக்கவில்லை, என்னையும் எடுக்க விடவில்லை. கிளம்பும்போது, "பெட்டி இங்கயே கிடக்கட்டும்க்கா. எங்க வீட்டுல வைக்க இடமில்ல, அப்புறமா வந்து எடுத்துக்கிறேன்" என்றார்.

டி.வி.எஸ். 50 போய்விட்டது. சித்தப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், ரெண்டு ஸ்ட்ரோக் தம்பி வந்து கயிறு கட்டி ஏற்றிக்கொண்டு போனார். பாட்டில்களில் 33 ஒரு லேத் பட்டறைக்குப் போயிற்று. "எதுக்கும் சேராதது" மட்டும் அடுப்படி ஜன்னலில் இருக்கிறது, ஏன் என்று கேட்காதீர்கள். அரிசிப் பை நன்றாக வேலை செய்தது, கடைக்காரர் சிரித்துவிட்டார்.

இப்போது புதுப் பிரச்சினை. வண்டி நின்ற இடத்தைப் பெருக்கும்போது மரப் பலகைகள் தென்பட்டன. ஆறு பலகை, வரிசையாக, தரை மட்டத்துக்குப் பதித்து. தூக்கிப் பார்த்தால் கீழே ஒரு குழி. மூன்றடி அகலம், ஏழடி நீளம், நாலடி ஆழம், நாலு பக்கமும் சிமெண்ட் பூசி. இறங்க மூன்று படி. படிக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு மாடம், விளக்கு வைக்கிற மாதிரி. காருக்கு அடியில் நின்று வேலை பார்க்கக் கட்டியிருக்கிறார். வாங்காத காருக்கு. அம்மாவுக்கே மறந்துபோயிருந்தது. உள்ளே ஒரு துரும்பு இல்லை.

மூடுவதா, வைப்பதா? மகன் மண் போட்டு மூடச் சொல்கிறான்.

பழைய இரும்பு

மூட வேண்டாம் அக்கா, பட்டறைகளில் இதைக் கட்டப் பணம் செலவழிக்கிறார்கள். ஆனால் அந்தப் பழைய பலகைமேல் காரை ஏற்றாதீர்கள், நாற்பது வருட மரம். கனத்த இரும்புச் சட்டம் போட்டு மூடுங்கள், சக்கரம் குழிக்கு வெளியே இரண்டு பக்கமும் ஓடுகிற மாதிரி அளவு பாருங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், குழிக்குள் இறங்கித் தங்கும். கார் நிற்கும்போது உள்ளே இறங்கி பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது. மழைத் தண்ணீர் இறங்குகிறதா என்றும் பாருங்கள்.

திருநகர்வாசி

அளவு பார்த்தேன். மகன் காரின் சக்கரம் குழிக்கு இரண்டு பக்கமும் ஒரு சாணுக்கு மேல் தள்ளித்தான் ஓடும். அம்பாசடருக்கு அளந்து கட்டியது, சரியாகத்தான் இருக்கிறது. சட்டம் அடிக்கச் சொல்லிவிட்டேன், திங்கட்கிழமை வரும்.

அதற்குள் அம்மா இன்று காலையில் நாற்காலியை ஷெட் வாசலில் போட்டு உட்கார்ந்து குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். "அந்த ரெண்டு அண்டாவும் இதுக்குள்ள இறங்குமான்னு பாரேன்" என்றாள்.